திருவாதிரைக்கு விளிம்பு எங்கே?



அண்டத்திலேயே மிகப் பெரிய விண்மீன் எது என்பதற்கு ஒரே பெயரில் விடை இருந்தால், இந்தக் கூட்டத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடலாம். பொது அறிவுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பழைய பதிப்பில் வி.ஒய். கேனிஸ் மேஜோரிஸ் என்று இருக்கும். பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் யு.ஒய். ஸ்கூட்டி. இப்போது யூடியூபில் தேடினால் ஸ்டீஃபன்சன் 2-18. இந்த மூன்றில் எதுவும் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்துவிடவில்லை. மாறியதெல்லாம் நம் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பட்டம் யாருக்கு என்பதைவிட அதுதான் சுவையான கதை.

இந்தப் பந்தயத்தில் ஓடுபவை எல்லாம் சிவப்பு மீப்பெரு விண்மீன்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் இரண்டு உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ஒன்று திருவாதிரை, அதாவது ஓரியன் கூட்டத்தின் தோளில் இருக்கும் பெட்டல்கியூஸ். மார்கழியில் இரவு முழுக்க வானில் இருக்கும். மற்றொன்று கேட்டை, அதாவது விருச்சிகத்தின் நெஞ்சில் இருக்கும் அண்டாரஸ். ஆனி, ஆடி மாலைகளில் தெற்கே பார்த்தால் போதும். இரண்டின் செம்மையும் கண்ணாடி போடாதவர்களுக்கே தெளிவாகத் தெரியும்.

சூரியனைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்குக்கு மேல் எடையோடு பிறக்கும் மீன்கள், தம் மையத்திலுள்ள ஹைட்ரஜனை வெகு சீக்கிரம் எரித்துத் தீர்த்துவிடுகின்றன. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு, இன்னும் பாதி ஆயுள் மிச்சம். திருவாதிரைக்கு ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது, அதற்குள் முதுமை வந்துவிட்டது. மையத்து எரிபொருள் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடாகிறது. அதன் எதிர்வினையாக வெளிப்போர்வை விரிந்து குளிர்கிறது. மேற்பரப்பின் வெப்பநிலை 3,500 கெல்வினுக்கு வந்து நிற்கிறது. சூரியனுடையது 5,770. அதனால்தான் சிவப்பு.

இங்கே ஒரு தவறான படிமத்தைக் கலைத்துவிட வேண்டும். பெரியது என்றதும் எடைமிக்கது என்று மனம் எண்ணிவிடுகிறது. பெரிய மெகல்லானிய மேகத்தில் ஆர்136ஏ1 என்றொரு நீல மீன் உண்டு. அதன் எடை ஏறத்தாழ 200 சூரியன், ஆனால் ஆரம் சூரியனைப் போல் 40 மடங்கு அளவுதான். திருவாதிரையின் எடை இருபது சூரியனைக்கூட எட்டாது. ஆரமோ, 2020-இல் வெளியான ஒரு கணக்கின்படி, சூரியனைப் போல் 764 மடங்கு. எடையைக் கன அளவால் வகுத்துப் பாருங்கள்: சராசரி அடர்த்தி, நாம் மூச்சுவிடும் காற்றில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. பள்ளி ஆய்வகத்துப் பம்பைக் கொண்டு அந்த அளவு வெற்றிடத்தை உண்டாக்கத் திணற வேண்டியிருக்கும். சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திருவாதிரையை வைத்தால், அது பூமியையும் செவ்வாயையும் விழுங்கிக் குறுங்கோள் பட்டைக்குள் போய்விடும். ஆனால் விழுங்குவது பெரும்பாலும் வெற்றிடம்தான்.

சரி, இதை அளந்தது யார்?

1920 டிசம்பர் 13, கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன். அன்று உலகிலேயே பெரியதான 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கியின் வாயில் குறுக்காக ஓர் எஃகு உத்தரத்தைப் பொருத்தியிருந்தார்கள். நீளம் 20 அடி. அதன்மேல் நான்கு சிறு ஆடிகள். வெளிப்பக்கத்து ஆடிகள் இரண்டும் உத்தரத்தில் நகரும். ஆல்பர்ட் மைக்கல்சனின் யோசனை அது. ஃபிரான்சிஸ் பீஸும் ஜான் ஆண்டர்சனும் அன்றிரவு கண்ணருகு வில்லையின் முன் இருந்தார்கள். ஒரே மீனின் ஒளி இரண்டு ஆடிகளில் பட்டு ஒன்றுசேரும்போது, இருளும் ஒளியுமாக வரிகள் தோன்றும். மீன் வெறும் புள்ளியாக இருந்தால், ஆடிகளை எவ்வளவு விலக்கினாலும் வரிகள் மறையாது. அதற்குக் கொஞ்சமாவது அகலம் இருந்தால், ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் வரிகள் அழிந்துவிடும். ஆடிகள் பத்தடி விலகியபோது திருவாதிரையின் வரிகள் மறைந்தன.

கருவி கோணியிருந்தாலும் வரிகள் மறையத்தான் செய்யும். எனவே அதே ஆடி இடைவெளியில் வேறு மீன்களைப் பார்த்தார்கள். அவற்றில் வரிகள் சரியாகத் தெரிந்தன. திருவாதிரைக்குத் திரும்பினால் இல்லை. இந்தச் சரிபார்ப்புதான் எனக்கு அந்த இரவில் மிகவும் பிடித்த பகுதி. கிடைத்த விட்டம் 0.047 வில்விநாடி. முழு நிலவின் அகலத்தை நாற்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. சில மாதங்களுக்கு முன்புதான் ஆர்தர் எடிங்டன் ஒளியளவையும் நிறத்தையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டு, கிட்டத்தட்ட இதே எண்ணைச் சொல்லியிருந்தார்.

ஆனால் 0.047 வில்விநாடி என்பது கோணம். அதைக் கிலோமீட்டராக்கத் தொலைவு வேண்டும். மைக்கல்சனும் பீஸும் அன்று நம்பகமானதென்று கருதப்பட்ட இடமாறு தோற்ற அளவை எடுத்துக்கொண்டார்கள். அதன்படி தொலைவு ஏறத்தாழ 180 ஒளியாண்டு, விட்டம் ஏறத்தாழ 39 கோடி கிலோமீட்டர். இன்றைய கணக்கோ நூறு கோடியைத் தாண்டுகிறது. நூறாண்டில் கோணம் அதிகம் மாறவில்லை. இன்றைய கருவிகள் 0.042 முதல் 0.045 வரை சொல்கின்றன, அவ்வளவுதான். மாறியது தொலைவு. 1997-இல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் ஏறத்தாழ 430 ஒளியாண்டு என்றது. 2008-இல் வானொலித் தரவுகளையும் சேர்த்தபோது 640 ஆயிற்று. 2020-இல் வேறொரு வழியில் 550. மார்கழியில் ஊரே அண்ணாந்து பார்க்கும், வெறும் கண்ணுக்குத் தெரியும் மீனுக்கே இந்த நிலை.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்? மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இடமாறு தோற்றம் என்றால் என்ன? பூமி சூரியனைச் சுற்றிவரும்போது அருகிலுள்ள மீன் பின்னணியில் சற்று நகர்வதுபோல் தெரியும். அந்த நகர்வின் கோணம், பூமியின் சுற்றுப்பாதை ஆரத்தை அந்த மீனிலிருந்து பார்த்தால் தெரியும் கோணமேதான். திருவாதிரையின் ஆரமோ அந்தச் சுற்றுப்பாதை ஆரத்தைப் போல் மூன்றரை மடங்கு. ஆகவே அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும் சரி, அதன் வட்டின் விட்டம் இடமாறு தோற்றக் கோணத்தைப் போல் ஏழு மடங்காகத்தான் இருக்கும். நம் கையிலுள்ள முழக்கோல், அளக்கவேண்டிய பொருளைவிடச் சின்னது! வட்டின் நடு எது என்று ஏழில் ஒரு பங்கைவிட நுட்பமாகக் குறிக்க முடிந்தால்தான் தொலைவே கிடைக்கும். மீன் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இந்தச் சிக்கல் கூடும். பட்டத்துக்குப் போட்டியிடும் மீன்கள் எல்லாமே இந்த வலையில் சிக்குபவைதாம்.

அந்த நடுவும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்த மீன்களின் வெளிப்போர்வை முழுதும் வெப்பச்சலனத்தில் புரள்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி. சூரியனிலும் இது உண்டு, ஆனால் அங்கே இலட்சக்கணக்கான சிறு கொதிக்குமிழிகள். மீப்பெருமீனில் மேற்பரப்பு முழுவதற்கும் ஒருசில மட்டுமே இருக்கும் என்று 1975-இலேயே மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்டு சொல்லிவிட்டார். ஒரு பெருங்குமிழி ஒரு பக்கம் மேலெழுந்தால் வட்டின் ஒளிமையமே அந்தப் பக்கம் சாய்கிறது. இடமாறு தோற்றத்தை அளப்பவருக்கு அது மீன் நகர்ந்தது போலத் தெரியும். 2017-இல் கெய்ச்சி ஓனாகா குழுவினர், சிலியிலுள்ள தொலைநோக்கிகளை ஒன்றிணைத்துக் கேட்டையின் மேற்பரப்பில் வாயு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு வரைபடமே போட்டுவிட்டார்கள். விநாடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே காற்றுமண்டலம் அலைபாய்கிறது.

தொலைவைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் உண்டு, அவற்றில் ஒன்றில் நமக்கும் பங்கு இருக்கிறது. குளிர்ந்த மீன்களின் நிறமாலையில் கால்சியத்தின் 'கே' கோட்டின் நடுவே ஓர் ஒளிக்கீற்று தெரியும். அதன் அகலம் மீனின் உண்மையான ஒளித்திறனோடு நேராகத் தொடர்புடையது என்று 1957-இல் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும் காட்டினார்கள். ஒளித்திறன் தெரிந்துவிட்டால் தோற்ற ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவைப் பெறலாம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்துக்குப் போனவர்கள் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயர் இடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் பிறந்தவர் அவர்.

தொலைவுச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். திருவாதிரைக்கு விளிம்பு எங்கே? சூரியனைப் பார்த்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மீப்பெருமீனில் வாயு மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போகிறது. எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ அதைப் பொறுத்து வட்டு சுருங்கும், பெருகும். டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறு ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில் பெரிதாகத் தெரியும், மூலக்கூறுகள் குறுக்கிடாத அலைநீளத்தில் சிறிதாகத் தெரியும். அட்டகாமா பாலைவனத்து ஆல்மா தொலைநோக்கி, மில்லிமீட்டர் அலையில் திருவாதிரையைப் பார்த்தபோது வட்டு கண்ணுறு ஒளியில் தெரிவதைப் போல் ஏறத்தாழ 1.3 மடங்கு இருந்தது. இரண்டும் சரியான அளவீடுகளே. ஆகவே எந்த ஆரத்தைப் படித்தாலும், "எந்த ஒளியில்?" என்று கேளுங்கள்.

இனிப் பட்டத்துக்காரர்களுக்கு வருவோம். வி.ஒய். கேனிஸ் மேஜோரிஸ் தன்னைச் சுற்றித் தானே கக்கிய தூசியால் மூடப்பட்டது. 2006-இல் ஒரு குழு அதற்கு இரண்டாயிரம் சூரிய ஆரம் வரை சொன்னது. அதே ஆண்டு இன்னொரு குழு அறுநூறு என்றது. அதைச் சூழ்ந்த நீராவி மூலக்கூறுகளின் வானொலி ஒளிர்வைக் கொண்டு ஜப்பானியர்கள் தொலைவைத் திருத்தமாக அளந்தபின், 2012-இல் 1,420 என்று நிலைத்தது. யு.ஒய். ஸ்கூட்டியின் கதை இன்னும் பரிதாபம். 2013-இல் வெளியான ஆய்வில் அதன் ஆரம் 1,708. உள்ளே 500 கோடி சூரியன்கள் அடங்கும் என்று ஊரெல்லாம் எழுதினார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு அடியில் 9,500 ஒளியாண்டு என்ற தொலைவு இருந்தது. கையா செயற்கைக்கோளின் தரவு வந்தபின் மீன் வெகு அருகே இழுக்கப்பட்டது. ஆரம் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஆரம் ஏறத்தாழப் பாதியானால் கன அளவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். 900 என்று வைத்தால் 500 கோடி சூரியன்கள் 73 கோடியாகிவிட்டன. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவரொட்டிகளுக்குத்தான் நட்டம்.

ஸ்டீஃபன்சன் 2-18-க்கு 2,150 என்று சொல்கிறார்கள். சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் சனியின் பாதையைத் தாண்டும். அதன் தொலைவு நேராக அளக்கப்பட்டதல்ல. அருகில் ஒரு விண்மீன் கொத்து இருக்கிறது, இதுவும் அதைச் சேர்ந்ததாக இருக்கலாம், எனவே கொத்தின் தொலைவே இதன் தொலைவு என்று எடுத்துக்கொண்டார்கள். அது கொத்தைச் சேர்ந்ததுதானா என்பதிலேயே ஐயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த எண்ணை மேடையில் சொல்லக்கூடத் தயங்குவேன். இன்று மறுப்பதற்காகவே சொன்னேன்.

தயக்கத்துக்கு இயற்பியல் காரணமும் உண்டு. 1961-இல் சுஷிரோ ஹயாஷி ஒன்றைக் காட்டினார்: முழுக்கக் கொதிக்கும் மீன் ஓர் எல்லைக்குக் கீழே குளிர முடியாது. ஏறத்தாழ மூவாயிரம், மூவாயிரத்தைந்நூறு கெல்வின் அளவில் மேற்பரப்பு நின்றுவிடும். அதற்குக் கீழே போனால் ஒளியை மறிக்கும் எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகள் சட்டென்று குறைந்து, மீன் சமநிலையிலேயே இருக்க முடியாது. வெப்பநிலை கட்டுண்டுவிட்டால் ஆரம் முழுக்க ஒளித்திறன் கையில். ஒளித்திறனுக்கும் ஓர் உச்சி உண்டு. 1979-இல் ராபர்ட்டா ஹம்ஃப்ரீஸும் கிரிஸ் டேவிட்சனும், சிவப்பு மீப்பெருமீன்கள் சில இலட்சம் சூரிய ஒளித்திறனுக்கு மேல் காணப்படுவதே இல்லை என்று கவனித்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆரம் ஏறத்தாழ 1,500-இல் வந்து நிற்கும். 2005-இல் எமிலி லெவெஸ்க், அப்போது இளநிலை மாணவி, ஃபிலிப் மேசியோடு சேர்ந்து எழுபதுக்கும் மேற்பட்ட மீன்களின் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளை மறுபடி அளந்தார். பழைய பட்டியல்களில் இருந்ததைவிட அவை கொஞ்சம் சூடாக இருந்தன. சூடு கூடினால் அளவு குறையும். மிகப் பெரியவை 1,500-ஐ ஒட்டி வந்து நின்றன, ஹயாஷி சொன்ன இடத்தில்.

ஆகவே 1,500-ஐ வெகுவாகத் தாண்டிய எண்ணைக் கண்டால் மீனை வியக்காதீர்கள். முதலில் தொலைவைச் சந்தேகப்படுங்கள்.

தொலைவில் ஐயமில்லாத போட்டியாளர் ஒன்று உண்டு. டபிள்யூ.ஓ.எச். ஜி64, பெரிய மெகல்லானிய மேகத்தில் இருக்கிறது. அந்த மேகத்தின் தொலைவு 1,60,000 ஒளியாண்டு. ஏறத்தாழ ஒரு சதவீதத் துல்லியத்தில் தெரியும். எங்கோ அண்டை விண்மீன் மண்டலத்தில் இருப்பது, நம் வீட்டுக்குள் இருக்கும் திருவாதிரையைவிட நம்பகமாக அளக்கப்பட்டிருப்பது வேடிக்கைதான். 2024 நவம்பரில் ஓனாகாவின் குழு அதன் நெருக்கப் படத்தை வெளியிட்டது. நம் பால்வெளிக்கு வெளியே ஒரு தனி மீனுக்கு எடுக்கப்பட்ட முதல் நெருக்கப் படம் அதுதான். ஆனால் படத்தில் தெரிவது மீனல்ல, முட்டை வடிவத்தில் அதை மூடியிருக்கும் தூசிக்கூடு. கடந்த பத்தாண்டில் அந்த மீன் மங்கியும் விட்டது. அதற்கு ஆரம் 1,500 முதல் 2,000 வரை சொல்லப்படுகிறது. இங்கே தொலைவு சரி, விளிம்புதான் தகராறு.

தூசி செய்யும் வேலையைத் திருவாதிரையிலேயே நாம் பார்த்தோம். 2019 அக்டோபரில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் பொலிவு எண்ணளவு 1.6 வரை இறங்கிற்று. வானின் முதல் பத்துக்குள் இருப்பது இருபதை ஒட்டிப் போயிற்று. ரோகிணி அதைவிடப் பளிச்சென்று இருந்ததை எந்த மொட்டைமாடியிலிருந்தும் பார்க்க முடிந்தது. வெடிக்கப்போகிறது என்று பத்திரிகைகள் பரபரத்தன. ஹபிள் தரவுகளைப் பார்த்தவர்கள், நிலவின் எடையைப் போல் சில மடங்கு பொருளை மீன் வெளியே கக்கியிருக்கிறது, அது குளிர்ந்து தூசியாகி நமக்கு நேரே திரைபோட்டது என்றார்கள். இதில் துப்பறிந்த இன்னொரு சாட்சி எதிர்பாராதது. ஹிமாவரி-8 என்ற ஜப்பானிய வானிலைச் செயற்கைக்கோள், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூமியை முழுதாகப் படமெடுக்கிறது. படத்தின் ஓரத்தில் கொஞ்சம் வானமும் விழும். திருவாதிரை வான நடுவரைக்கு அருகில் இருப்பதால் அந்த ஓரத்தில் வந்து வந்து போகும். டோக்கியோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தப் புயல், மேகப் படங்களின் ஓரங்களைத் தேடி எடுத்து, நாலரை ஆண்டு அகச்சிவப்புத் தரவைத் திரட்டிவிட்டார்கள். பாதி தூசி, பாதி மேற்பரப்பே 140 பாகை குளிர்ந்தது என்பது அவர்கள் முடிவு.

வெடிக்குமா? வெடிக்கும். ஆனால் அதன் மையத்தில் இப்போதுதான் ஹீலியம் எரிகிறது. இன்னும் ஒரு இலட்சம் ஆண்டு போல ஆகும். அதற்குப் பிறகு கார்பன், ஆக்சிஜன், சிலிக்கான் என்று படிப்படியாகக் கனமான எரிபொருள்கள். சிலிக்கான் எரிவது சில நாள்களுக்குள் முடிந்துவிடும். மிஞ்சுவது இரும்பு, அதை எரித்து ஆற்றல் பெற முடியாது. அந்த இரும்பு மையம் ஏறத்தாழ 1.4 சூரிய எடையை எட்டியதும் தன்னையே தாங்காது. மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது சந்திரசேகர், வழியில் போட்ட கணக்கில் கிடைத்த எல்லை அது. பூமியளவு மையம் ஒரு விநாடிக்குள் சில பத்துக் கிலோமீட்டருக்குள் இடிந்து விழும்.

மேற்பரப்புக்கு இது தெரியாது. மையத்தில் கிளம்பிய அதிர்ச்சி அலை கோடிக்கணக்கான கிலோமீட்டர் வாயுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்குள் நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் எதிலும் முட்டாமல் ஏறத்தாழ ஒளிவேகத்தில் வெளியேறிவிடும். 1987 பிப்ரவரி 23-இல் மெகல்லானிய மேகத்தில் இது நடந்தது. ஜப்பானின் கமியோகாண்டேயிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் நியூட்ரினோக்கள் பதிவாயின. சுமார் மூன்று மணி நேரம் கழித்து ஒளி வந்தது. அது நீல மீப்பெருமீன், ஆரம் ஏறத்தாழ நாற்பது சூரியன். அதனால்தான் மூன்றே மணி. சிவப்பு மீப்பெருமீனாக இருந்தால் அலை மேலே வர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். இதில் ஒரு வசதி இருப்பதைப் பார்த்தீர்களா? நியூட்ரினோவுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட நேரத்தையும், வெடிப்பின் வேகத்தையும் சேர்த்தால் மீனின் ஆரம் கிடைத்துவிடும். தொலைவு தெரிய வேண்டியதே இல்லை. நூறாண்டாக நம்மை ஆட்டிவைத்த அந்த எண் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது.

நம் பால்வெளியில் அடுத்த மீன் இடியும்போது, உலகின் நியூட்ரினோ உணர்கருவிகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டு உடனே எச்சரிக்கை அனுப்ப ஸ்நியூஸ் என்றொரு வலையமைப்பு இருக்கிறது. வானியலாளர் மட்டுமல்ல, பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்களும் அதில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் கைப்பேசியிலேயே பதிந்துவிடுங்கள்.